கட்சிப் பத்திரிகையில் சம்பளம் வாங்கியவர் கவிஞராக இருந்திருக்க முடியுமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். ஒரு மங்கோலியப் பெண் கவிஞரின் வாழ்க்கைக் குறிப்பைப் படித்திருக்கிறீர்கள். மேய்ச்சல் குடும்பத்தில் பிறப்பு, விடுதிப் பள்ளி, மாகாணப் பத்திரிகையில் நிருபர் வேலை, பிறகு தலைநகரில் வானொலி, எழுத்தாளர் சங்க உறுப்பினர், வரிசையாகக் கவிதைத் தொகுப்புகள், கடைசியில் பதக்கங்களின் பட்டியல். படித்து முடித்த பிறகும் அந்த மனுஷி யார் என்று பிடிபடவில்லை என்கிறீர்கள். கூடவே, 1990 வரை மாஸ்கோவின் ஆதரவோடு நாட்டைத் தனியாக ஆண்ட கம்யூனிஸ்ட் கட்சியின் பத்திரிகையில் சம்பளம் வாங்கியவர் எப்படி நல்ல கவிஞராக இருந்திருக்க முடியும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். அதற்குப் பதில் கிடைத்தால், முதல் கேள்விக்கான பதிலும் அதற்குள்ளேயே இருக்கும்.

நான் மங்கோலிய இலக்கியத்துக்குள் ரஷ்ய மொழிபெயர்ப்புகள் வழியாக நுழைந்தவன். பிறகு பல ஆண்டுகளாக அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூலத்தையும் படித்து வருகிறேன். அதனால் வரலாறு, அமைப்புகள், ஆண்டுகள் பற்றி நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். ஒரு வரியின் ஓசை காதில் எப்படி விழும் என்பதில் அங்கே பிறந்து வளர்ந்த ஒரு பள்ளிப் பிள்ளையே என்னைவிட நல்ல நடுவர்.

ஒரு விஷயத்தை முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 'மங்கோலியக் கவிஞர்' என்றால் மங்கோலியா என்ற நாட்டைச் சேர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சீனாவுக்குள் இருக்கும் உள் மங்கோலியாவில், மங்கோலியா நாட்டில் இருப்பதைவிட அதிகமான மங்கோலியர்கள் வாழ்கிறார்கள். அங்கே இன்றும் மேலிருந்து கீழாக எழுதும் பழைய லிபிதான். மங்கோலியா நாட்டில் 1941ல் முடிவெடுத்து 1946 முதல் சிரிலிக் எழுத்துக்கு மாறிவிட்டார்கள். இரு பக்கமும் பத்திரிகை, தணிக்கை, எழுத்தாளர் சங்கம் எல்லாம் வேறு வேறு வரலாறு கொண்டவை. உங்கள் குறிப்பில் 'ஐமக்' என்ற மாகாணமும் 'சூம்' என்ற வட்டமும் உலான்பாட்டரும் வருவதால், மங்கோலியா நாட்டுக்காரர் என்றே வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

கவிதையும் பத்திரிகையும் அங்கே ஆரம்பத்திலிருந்தே ஒரே ஆட்களின் கையில் இருந்தவை. 'மங்கோலிய உண்மை' என்ற பெயரில் புரட்சிக்காரர்கள் நடத்திய செய்தித்தாளின் முதல் இதழ் 1920 நவம்பரில் எல்லைக்கு அப்பால், ரஷ்யாவின் இர்குட்ஸ்க் நகரில் அச்சானது. சில ஆண்டுகளில் அதுவே 'ஊனென்' என்ற பெயரில் கட்சியின் நாளேடாக நிலைத்தது. புதிய மங்கோலிய இலக்கியத்தின் தொடக்கமாகச் சொல்லப்படும் நட்சக்டோர்ஜ் 1920களின் பிற்பகுதியில் ஜெர்மனியில் படித்தவர். படித்தது இதழியல் என்றே அவருடைய வரலாறுகள் சொல்கின்றன. முதல் எழுத்தாளர் குழு 1929ல் கூடியபோது அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் அரசாங்கத்திலும் அச்சகத்திலும் வேலை பார்த்த இளைஞர்கள். புத்தகக் கடைகளும் தனியார் பதிப்பகங்களும் நிறைந்த ஓர் ஊரில் எழுத்தாளன் தனியாகப் பிழைத்துக்கொள்ளலாம். பெரும்பாலோர் ஆட்டுமந்தையோடு இடம் மாறிக்கொண்டிருந்த, எழுத்தறிந்தவர்கள் மிகக் குறைவாக இருந்த நாட்டில், எழுத்தை வைத்துச் சாப்பிட ஒரே இடம் அரசின் அச்சகம்தான். பின்னால் 1934ல் வந்த வானொலியும் அந்தக் கூரையின் கீழ்தான் வந்தது. ஆகவே 'கவிஞர், பத்திரிகையாளர்' என்று சேர்த்து எழுதுவது இரண்டு தொழிலைக் குறிப்பதில்லை. ஒரே வேலையின் இரண்டு பக்கம் அது.

பெண்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். 1924 அரசியல் சட்டம் பெண்களுக்குச் சம உரிமையும் வாக்குரிமையும் கொடுத்தது. அதுவரை முறையான படிப்பு என்றால் பெரும்பாலும் புத்த மடங்கள், அங்கே போனவர்கள் பையன்கள். பெண்களுக்குக் கவிதை இல்லாமல் இல்லை. தாலாட்டு, தாய் ஏற்க மறுத்த குட்டியை ஏற்கவைக்கப் பாடும் பாட்டு, திருமண வாழ்த்து, நெடும்பாடல் என்று வாய்மொழியில் கொட்டிக் கிடந்தது. குட்டியை மறுக்கும் பெண் ஒட்டகத்தைப் பாடியே கரைய வைக்கும் வழக்கத்தை யுனெஸ்கோ 2015ல் பாதுகாக்க வேண்டிய மரபுகளில் சேர்த்தது. ஆனால் அந்தப் பாட்டுக்குக் கீழே பெண்ணின் பெயர் எழுதப்படவில்லை. பெயர் போட்டுக் கவிதை அச்சாக வேண்டுமென்றால் பள்ளி வேண்டும், லிபி வேண்டும், பத்திரிகை வேண்டும். மூன்றையும் பெண்களிடம் கொண்டுவந்தது அந்தக் கட்சியின் அரசுதான். இதை மறந்துவிட்டு, 'ஏன் அரசோடு ஒட்டிக்கொண்டிருந்தார்' என்று அந்தத் தலைமுறைப் பெண்ணைக் கேட்பது நியாயமில்லை.

ஒரு முழு உதாரணம் சொன்னால் தெளிவாகும். சோனமின் உத்வல் 1921ல் பிறந்தவர். கவிஞரைவிட உரைநடைக்காரர் என்றே அவரைச் சொல்ல வேண்டும். சிறுகதைகளும், ஹதன்பாதர் மக்சர்ஜவ் என்ற போர்வீரரைப் பற்றிய வரலாற்று நாவலும்தான் அவருடைய முக்கியமான எழுத்து. ஆனால் நீங்கள் கேட்கும் வகை வாழ்க்கைக்கு அவரைவிடப் பெரிய சாட்சி இல்லை. பழைய லிபி நடைமுறையில் இருந்த காலத்தில் வளர்ந்து, இருபத்தைந்து வயதில் நாடே சிரிலிக்குக்கு மாறுவதைப் பார்த்தவர். மங்கோலியப் பெண்கள் குழுவின் தலைவராகப் பல ஆண்டுகள் இருந்தார். 1960களின் தொடக்கத்திலிருந்து எழுபதுகளின் நடுப்பகுதி வரை எழுத்தாளர் சங்கத்தையும் தலைமையேற்று நடத்தினார். ஆசிய ஆப்பிரிக்க எழுத்தாளர்கள் தந்த தாமரைப் பரிசு 1971ல் அவருக்குக் கிடைத்தது. ஒரு பெண் நாட்டின் எழுத்தாளர்களுக்கே தலைவராக இருந்தது அந்தக் காலத்தில் உலகின் எத்தனை இடங்களில் நடந்திருக்கும்? யோசித்துப் பாருங்கள்.

இதே காலத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1962ல் செங்கிஸ்கான் பிறந்த எண்ணூறாவது ஆண்டைக் கொண்டாட அஞ்சல்தலை வெளியிட்டார்கள், நினைவுத் தூண் நட்டார்கள். மாஸ்கோவுக்கு அது பிடிக்கவில்லை. கொண்டாட்டத்துக்கு முன்னின்ற தலைவர் தொமோர் ஓச்சிர் அதே ஆண்டு பதவி இழந்தார். அன்றைக்கு வாழ்த்துக் கவிதை எழுதியவர்கள் அடுத்த மாதம் அதை எங்கே ஒளித்து வைப்பது என்று தவித்திருப்பார்கள். 1969ல் ரென்சினின் சோய்னோம் என்ற கவிஞர் எழுத்துக்காகவே சிறைக்குப் போனார். 1978ல் இறந்தார். அரசுப் பரிசு அவருக்கு வந்தது ஜனநாயகம் வந்த பிறகு, 1991ல். உத்வல் சங்கத்தின் தலைவராக இருந்த ஆண்டுகளில்தான் அந்தக் கைது நடந்தது என்பது உறுதி. அதிலிருந்து உத்வலின் தனிப்பட்ட பங்கு இன்னது என்று தாவிச் சொல்வது ஊகம். அந்த ஊகத்தை நான் செய்ய மாட்டேன். ஆனால் பதக்கப் பட்டியல் உள்ள எந்த வாழ்க்கைக் குறிப்பைப் படித்தாலும், அதே ஆண்டுகளில் பதக்கம் கிடைக்காதவர்களுக்கு என்ன நடந்தது என்று பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. நீங்களும் செய்யலாம்.

சரி, உங்கள் குறிப்பில் வரும் 'மாகாணப் பத்திரிகை நிருபர்' என்ன வேலை செய்தார்? ஒவ்வொரு ஐமக்குக்கும் சொந்தச் செய்தித்தாள் இருந்தது. நிருபர் ரஷ்ய ஜீப்பில் நாள்கணக்கில் பயணம் போய், கூட்டுப் பண்ணையில் அதிகக் குட்டிகளைப் பிழைக்க வைத்த மேய்ப்பர், நல்ல பால் கறவைக்காரி, புதிய பள்ளி, புதிய கிணறு என்று எழுதி வருவார். 1959 வாக்கில் மேய்ப்பர்களைக் கூட்டுப் பண்ணைகளில் சேர்க்கும் வேலை முடிந்திருந்ததால் இந்த வகைக் கட்டுரைக்குப் பஞ்சமே இல்லை. புல்லைப் பனிக்கட்டி மூடிக் கால்நடைகள் கூட்டம் கூட்டமாகச் சாகும் குளிர்காலங்களில்கூட, மேய்ப்பர்கள் எப்படிப் போராடினார்கள் என்பதைத்தான் எழுதலாம். அச்சுக்குப் போகும் எதுவும் முன்தணிக்கையைத் தாண்டித்தான் போகும். பெண் நிருபர் என்றால் தாய்மை, சுகாதாரம், குழந்தைகள் என்ற பக்கம் பெரும்பாலும் அவர் தலையில்தான் விழும். 1957ல் 'புகழ்பெற்ற தாய்' விருதை ஏற்படுத்தினார்கள். எட்டுப் பிள்ளை பெற்றால் முதல் நிலை, ஐந்து பெற்றால் இரண்டாம் நிலை. மக்கள்தொகை குறைவான நாடு, பிள்ளைகள் வேண்டும் என்பது அரசின் கவலை. அந்த விருது வாங்கிய தாய்மார்களைப் பேட்டி எடுத்து எழுதியவர்களில் கணிசமானோர், வீட்டில் தங்கள் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுக் கவிதை எழுதிய பெண்கள்தான்.

இங்கேதான் எனக்கு இந்த இலக்கியத்தின் மேல் உண்மையான மரியாதை வருகிறது. மங்கோலியக் கவிதையில் தாயைப் பாடாத கவிஞர் இல்லை. ஆண்கள் எழுதிய தாய்ப் பாடல்களில் அம்மா கூடார வாசலில் நின்று பாலைத் தெளித்து மகனை வழியனுப்புவாள். மகன் எங்கோ தூரத்தில் இருந்து ஏங்குவான். பெண்கள் இந்தப் பொருளைக் கையில் எடுக்கும்போது பார்க்கும் இடம் மாறுகிறது. வழியனுப்பிவிட்டு வாசலில் நின்றவள் திரும்பி உள்ளே போய் என்ன செய்கிறாள் என்பது அவர்களுக்குத் தெரியும். தணிக்கையில் தட்டிக்கழிக்க முடியாத, அரசே ஊக்கப்படுத்திய ஒரு பொருளுக்குள்ளேயே தனிமை, களைப்பு, முதுமை, மனசுக்குள் அடங்கிய ஆசை என்று சொல்ல ஓர் இடம் கிடைத்தது. 1950களின் இறுதியிலிருந்து யாவூஹுலான் போன்ற கவிஞர்கள் கவிதையை முழக்கத்திலிருந்து விலக்கித் தன்னுணர்ச்சிப் பக்கம் திருப்பியதும் இதற்கு வழிவிட்டது. எல்லாப் பெண் கவிஞர்களும் இந்த இடத்தை நன்றாகப் பயன்படுத்தினார்கள் என்று சொல்லவில்லை. நிறைய வெற்று வாழ்த்துகளும் இருக்கின்றன. ஆனால் நிருபர் வேலை கெடுத்த கவிஞர்களைப் போலவே, அந்த வேலையால் வளர்ந்த கவிஞர்களும் உண்டு. கூடாரம் கூடாரமாகப் போய் மற்ற பெண்கள் பேசுவதைக் கேட்க, அன்றைக்குச் சம்பளத்தோடு வாய்ப்புக் கொடுத்த வேறு வேலை எது?

மொழிபெயர்ப்பில் படிக்கிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. மங்கோலியச் செய்யுளில் அடுத்தடுத்த அடிகளின் முதல் ஒலி ஒன்றி வர வேண்டும். நம் அடிமோனை மாதிரி, ஆனால் அதைவிடக் கட்டாயமானது. மலைகள், ஆறுகள், குதிரையின் நிறங்கள் என்று அடுக்கிக்கொண்டே போகும் ஒரு கவிதை ஆங்கிலத்தில் வெறும் பெயர்ப் பட்டியலாகத் தெரியும். மூலத்தில் அந்த அடுக்கே தாளம். குதிரையின் நிறத்துக்கு மட்டும் மங்கோலிய மொழியில் இருக்கும் சொற்கள் ஏராளம், அவை எல்லாம் 'பழுப்பு' என்று சுருங்கிவிடும். ஆகவே மொழிபெயர்ப்பில் தட்டையாக இருக்கிறது என்பதற்காக உடனே தள்ளிவிடாதீர்கள். மாறாக, மொழிபெயர்ப்பிலும் ஒரு படிமம் நின்று பேசுகிறது என்றால் அதை நம்பலாம்.

1990ல் எல்லாம் புரண்டது. 1989 டிசம்பரில் தொடங்கிய ஆர்ப்பாட்டங்களும் 1990 மார்ச் உண்ணாவிரதமும் கட்சித் தலைமையை ராஜினாமா செய்ய வைத்தன. ஜூலையில் முதல் பல கட்சித் தேர்தல். இரண்டு மில்லியனைக் கொஞ்சம் தாண்டிய மக்கள்தொகைக்குள் புதிய செய்தித்தாள்கள் மளமளவென்று முளைத்தன. 1992 அரசியல் சட்டம் பத்திரிகைச் சுதந்திரத்தைச் சொன்னது; 1998ல் வந்த ஊடகச் சட்டம் தணிக்கையையும் அரசே ஊடகம் வைத்திருப்பதையும் தடை செய்தது. கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் நாற்பது ஐம்பது வயதில், மாகாணப் பத்திரிகையிலோ வானொலியிலோ மாதச் சம்பளத்தில் இருந்த ஒரு பெண் கவிஞரின் இடத்திலிருந்து பாருங்கள். சோவியத் உதவி நின்றது, விலைவாசி எகிறியது, ரேஷன் அட்டை வந்தது. கவிதைத் தொகுப்பை அரசு அச்சிட்டு நாடு முழுக்க அனுப்பிய காலம் முடிந்து, சொந்தக் காசைப் போட்டு அச்சடிக்கும் காலம் வந்தது. சொல்ல விரும்பியதை எல்லாம் சொல்லலாம் என்ற உரிமையும் அதைச் சொல்லிப் பிழைக்க வழியில்லாத நிலையும் ஒரே ஆண்டில் வந்து சேர்ந்தன. உங்கள் குறிப்பில் 1990க்கும் 2000க்கும் நடுவே ஒரு வெற்றிடம் இருந்தால், அது சோம்பல் என்று நினைக்காதீர்கள். அந்தப் பத்தாண்டில் அங்கே கணக்கில்லாத பேர் எல்லை தாண்டிச் சாமான் வாங்கி வந்து விற்றுப் பிழைத்தார்கள். பேராசிரியர்களும் அதில் உண்டு.

அடுத்த தலைமுறை வேறு மாதிரி. லுவ்சன்டோர்ஜின் உல்சீதுக்ஸ் 1972ல் தர்ஹான் என்ற தொழில் நகரத்தில் பிறந்தவர். சோவியத் உதவியோடு 1961ல் உருவாக்கப்பட்ட ஊர் அது. கவிதை, சிறுகதை இரண்டிலும் இன்றைக்கு மிக முக்கியமான பெயர் அவர், ஆங்கிலத்திலும் கிடைக்கிறார். அவருடைய எழுத்தில் புல்வெளியைவிட அடுக்குமாடி வீட்டின் அறையும், அந்த அறைக்குள் ஒரு பெண்ணின் மனம் போகிற திசையும்தான் பெரிதாகத் தெரியும். முந்தைய தலைமுறைப் பெண்கள் வாசலைத் திறந்து வைக்காமல் இவர் இங்கே வந்திருக்க முடியாது என்பது என் கருத்து. இது நிரூபிக்கக்கூடிய விஷயம் இல்லை, என் வாசிப்பு மட்டும்தான்.

இன்றைய நிலையையும் சொல்லிவிடுகிறேன். மங்கோலியாவில் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களில் பெண்கள் கிட்டத்தட்ட அறுபது சதவீதம். மந்தையைப் பார்த்துக்கொள்ளப் பையன்களை நிறுத்திக்கொண்டு பெண்களைப் படிக்க அனுப்பும் குடும்பங்கள் இதற்கு ஒரு காரணம். செய்தி அறைகளிலும் பெண்கள் நிறைய. ஊடகங்களுக்கு உரிமையாளர்களாக இருப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள், அதிலும் அரசியல்வாதிகளோடும் சுரங்கத் தொழிலோடும் தொடர்புள்ளவர்கள் பலர். தணிக்கை அதிகாரி போனாலும், பொய்ச் செய்தி பரப்பினார் என்ற சட்டப் பிரிவில் பத்திரிகையாளர்கள்மேல் குற்ற வழக்குப் போடுவது சமீப ஆண்டுகளில் தொடர்ந்து நடக்கிறது. கவிதையோ இன்னும் மேடையில் உயிரோடு இருக்கிறது. 1980களில் தொடங்கிய 'பளிங்குக் கோப்பை' கவிதைப் போட்டியில் கவிஞர்கள் அரங்கம் நிறைந்த கூட்டத்துக்கு முன்னால் கவிதை சொல்கிறார்கள். தொலைக்காட்சியிலும் அதைப் பார்க்கிறார்கள். புத்தகம் விற்காத நாட்டில் கவிதை கேட்க ஆள் வருகிறது என்பது எனக்கு எப்போதும் சந்தோஷம் தரும் விஷயம்.

இனி உங்கள் குறிப்புக்கு வருவோம். பிறந்த ஆண்டு, ஊர், வேலை பார்த்த நிறுவனங்கள், தொகுப்புகள் வந்த ஆண்டு ஆகியவற்றைப் பொதுவாக நம்பலாம்; சங்கத்திலும் பத்திரிகையிலும் பதிவு இருக்கும். 'மக்கள் கொண்டாடிய', 'முதல் பெண்' போன்ற அடைமொழிகளைச் சந்தேகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஐம்பது, அறுபது வயது நிறைவுக்கு வெளியிடும் மலர்களில் எல்லோருக்கும் அவை கிடைக்கும். பதக்கம் கொடுத்தவர்களுக்கு எது தேவைப்பட்டது என்பதைத்தான் பதக்கம் சொல்லும். கவிதைகளை அவை எழுதிய ஆண்டோடு சேர்த்துப் படியுங்கள். 1975ல் தனிமையைப் பற்றி எழுதியதும் 2005ல் தனிமையைப் பற்றி எழுதியதும் ஒரே எடை இல்லை. முடிந்தால் அதே ஆண்டில் அவர் பத்திரிகையில் எழுதிய கட்டுரை ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்டுரையில் இல்லாத எது கவிதையில் இருக்கிறதோ, அங்கேதான் நீங்கள் தேடும் மனுஷி இருப்பார்.

தேடும்போது ஒரு விஷயம் கவனம். மங்கோலியப் பெயரில் முதலில் வருவது தகப்பனார் பெயர், இரண்டாவதுதான் அவருடைய பெயர். சோனமின் உத்வல் என்றால் சோனமின் மகள் உத்வல். அவரைச் 'சோனமின்' என்று தனியாகக் குறிப்பிட்டால் அது அவருடைய அப்பாவைக் குறிப்பிட்டதாகும். கல்யாணம் ஆனாலும் பெண்களுக்குப் பெயர் மாறாது, அதனால் கணவர் பெயரில் தேட வேண்டியதில்லை. அச்சில் தகப்பனார் பெயரின் முதல் எழுத்தும் ஒரு புள்ளியும் போட்டு, பிறகு பெயரை எழுதுவார்கள். ஆங்கில எழுத்தில் ஒரே பெயரை நாலைந்து விதமாக எழுதுவதால் அதில் தேடினால் பாதிகூடக் கிடைக்காது. சிரிலிக்கில்தான் தேட வேண்டும். நீங்கள் படித்த குறிப்பில் இருக்கும் பெயரையும் பிறந்த சூமின் பெயரையும் இதற்குக் கீழே எழுதுங்கள். சிரிலிக் எழுத்துகளில் எப்படி வரும் என்று போட்டுத் தருகிறேன். கவிதை ஏதாவது கையில் கிடைத்தால், என் அகராதி அனுமதிக்கிற அளவுக்கு அதையும் சேர்ந்தே படித்துப் பார்க்கலாம்.